வழுக்கும் துணியை வசப்படுத்துதல்: ரேயான் குர்த்தி தைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்ற சித்திரையில், என்னிடம் தையல் பழகும் பெண்ணொருத்தி தான் தைத்த முதல் ரேயான் குர்த்தியைத் தோளில் போட்டுக்கொண்டு புதுச்சேரி முத்தியால்பேட்டையிலுள்ள என் வீட்டுக்கு வந்தாள். “அக்கா, கழுத்து தொங்குது. மிஷின் டென்ஷன்ல ஏதோ கோளாறு போல” என்றாள். தையலைப் பிரித்து, முன்துண்டை அதன் காகித மாதிரியின் மேல் வைத்துப் பார்த்தோம். ஒரு தோள் மற்றொன்றைவிட அரை அங்குலம் இறங்கியிருந்தது. கழுத்து வளைவு மாதிரியைவிட ஏறத்தாழ ஓர் அங்குலம் நீண்டிருந்தது. “வெட்டும்போது ஃபேன் ஓடிச்சா?” என்று கேட்டேன். “ஓடிச்சுக்கா, வேர்த்துக் கொட்டுச்சே” என்றாள். இயந்திரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ரேயான் துணியில் தையல் பிழை என்று நாம் நினைப்பவற்றுள் பெரும்பாலானவை உண்மையில் வெட்டும் பிழைகள். அவற்றுள்ளும் பாதி, துணியை நனைக்காமல் வெட்டியதால் வந்தவை. ஆகவே இந்த வழிகாட்டியில் ஊசி துணியில் இறங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு, மார்புச் சுற்றளவு 36 அங்குலமுள்ள ஒருவருக்கு 42 அங்குல நீளமும் முக்கால் கையும் சைடு ஓபனும் (பக்கவாட்டுத் திறப்பும்) கொண்ட, கீழே போகப்போக அகலும் ஏ-லைன் குர்த்தியை எடுத்துக்கொள்வோம். இடுப்பிலிருந்து வட்டமாக விரியும் அம்பர்லா வெட்டுக்கு எங்கே வழி மாறுகிறதோ அங்கே அதைத் தனியாகச் சொல்கிறேன்.

துணியின் இயல்பு

ரேயான் என்பது மரக்கூழிலிருந்து எடுக்கப்படும் செல்லுலோஸைக் கரைத்து, மீண்டும் இழையாக்கி நெய்யும் துணி. பஞ்சும் செல்லுலோஸ்தான், ஆயினும் பஞ்சு செடியிலேயே இழையாக விளைகிறது, ரேயானோ ஆலையில் இழையாகிறது. இதற்கான விஸ்கோஸ் முறைக்கு 1892-இல் இங்கிலாந்து வேதியியலாளர்களான கிராஸ், பெவன், பீடில் ஆகிய மூவரும் காப்புரிமை பெற்றனர். மரக்கூழைக் காரத்தில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்துத் தேன் போன்ற கரைசலாக்கி, நுண்ணிய துளைகள் வழியே அமிலத் தொட்டிக்குள் பாய்ச்சினால் இழை திரண்டு வருகிறது. நம் பக்கத்திலும் இதற்கு ஒரு கதை உண்டு: இந்தியாவின் முதல் ரேயான் ஆலை கேரளத்தின் பெரும்பாவூரில், எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் முன்னின்று தொடங்கியது. அந்த இடத்துக்கு இன்றும் ரேயான்புரம் என்றே பெயர். இப்போது ஈரோட்டைச் சுற்றியுள்ள விசைத்தறிகளில் ரேயான் துணி பெருமளவில் நெய்யப்படுகிறது.

தைப்பவர் நினைவில் வைக்க வேண்டியவை மூன்று. முதலாவது, ரேயான் இழை நீரை மிக விரும்பி உறிஞ்சும். புதுச்சேரியின் கடற்காற்றில் வியர்வை நிற்காமல் ஓடும் நாள்களில் இந்தத் துணி உடலுக்கு இதமாக இருப்பதற்கு அதுவே காரணம். இரண்டாவது, நனைந்ததும் இழை பருத்துவிடுகிறது. பருத்த நூல் மற்ற நூலைச் சுற்றி வளைந்து செல்ல அதிக நீளம் தேவைப்படுவதாலும், தறியிலும் ஆலையிலும் இழுத்து வைக்கப்பட்ட இறுக்கம் தளர்வதாலும் துணி சுருங்குகிறது. மூன்றாவது, ஈர ரேயான் தன் வலிமையில் பாதியளவு வரை இழந்துவிடுகிறது. பஞ்சு இதற்கு நேர்மாறானது. அது ஈரத்தில் வலுக்கும். துணி நனைந்திருக்கும்போது அதைப் பிழிவதும் இழுப்பதும் தொங்கவிடுவதும் ஏன் ஆகாது என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது.

வாங்கும்போது

நேரு வீதிக் கடைகளிலோ, கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் கடைவீதியிலோ வாங்கினால் விற்பவர் துணியின் பெயரையாவது சொல்வார். புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் குவித்து விற்கும் வெட்டுத் துணிகளில் அந்த வசதி இல்லை. ரேயான் என்று கேட்டாலும் ‘ஆமாம்’, காட்டன் என்று கேட்டாலும் ‘ஆமாம்’. அங்கே நான் செய்வது இதுதான்: வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, அதன் நடுப்பகுதியை மட்டும் நாக்கில் தொட்டு ஈரப்படுத்தி, இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுக்கிறேன். ரேயானாக இருந்தால் நூல் நனைந்த இடத்திலேயே, சத்தமில்லாமல், ஊறிய காகிதம் போல் விட்டுப்போகும். பஞ்சு நூல் உலர்ந்த பகுதியில்தான் அறும். பாலியெஸ்டர் அறுவதற்கே மனம் வராது. வீட்டுக்கு வந்தபின் ஐயம் தீராவிட்டால் நான்கு நூல்களைச் சேர்த்து இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். ரேயான் காகிதம் போல் விரைந்து எரிந்து, விரலில் நொறுங்கும் சாம்பலை விடும், பாலியெஸ்டரோ உருகிக் கெட்டி மணியாகும்.

அடுத்து எடையைப் பாருங்கள். துணியை உள்ளங்கையின் மேல் போட்டால் விரல்களின் இடைவெளிகளில் வழிந்து இறங்க வேண்டும். ஆனால் ஒற்றையாக வெளிச்சத்தில் பிடிக்கும்போது விரல்களின் நிறம் தெரியக்கூடாது. மிக மெல்லிய துணிக்கு லைனிங் போட வேண்டிவரும். அதைப் போட்டதும் ரேயானின் வழிவு பாதி போய்விடும் என்பதால், முதல்முறை தைப்பவர்கள் சற்றுக் கனமான துணியை எடுப்பதே நல்லது. தைக்கவும் அதுதான் எளிது. மணல் மணலாகச் சுருண்ட மேற்பரப்புள்ள ரேயான் கிரேப் அழகாக இருக்கும், ஆனால் சாதா ரேயானைவிட மிக அதிகமாகச் சுருங்கும். பழகிய பிறகு அதைத் தொடலாம். அச்சிட்ட துணியாயின், கோலமோ பூவரிசையோ, குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கு இணையாக ஓடுகிறதா என்று மடித்துப் பாருங்கள். அச்சு கோணலாக விழுந்த துணியை எந்தக் கைத்திறனாலும் நேராக்க முடியாது.

அளவு: 44 அங்குல அகலத் துணியில் முன்னும் பின்னும் தலா 45 அங்குலம், ஆக 90 அங்குலம் வேண்டும், பக்கத்தில் மீதமாகும் பகுதியில் கைகள் அடங்கிவிடும். கடையில் 2½ மீட்டர் போதும் என்பார்கள். ரேயானுக்கு 2¾ மீட்டர் வாங்குங்கள், ஏனெனில் நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினால் 2½ மீட்டரில் 12½ சென்டிமீட்டர் போய்விடும்; கோணல் ஓரத்தை நேராக்குவதில் இன்னும் சிறிது போகும்.

நனைத்தல்

வெட்டுவதற்கு முன் துணியை நனைத்தே ஆக வேண்டும். ‘லேசாகத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் போதாதா’ என்று கேட்பவர்கள் உண்டு, போதாது. பின்னாளில் அந்த ஆடையை எப்படித் துவைக்கப்போகிறீர்களோ அதே முறையில் இப்போது ஒருமுறை துவைக்க வேண்டும். வாஷிங் மெஷினில் போடுபவர் என்று தெரிந்தால் இப்போதும் மெஷினிலேயே, வலைப்பையில் இட்டு, மெதுவான சுழற்சியில் போடுங்கள்.

அதற்கு முன் வெட்டிய இரு ஓரங்களையும் பிசிறாதபடி ஓவர்லாக் செய்துவிடுங்கள், அல்லது இரு ஓரங்களையும் ஒன்றாகச் சேர்த்து நீளத் தையல் ஓட்டி வளையமாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நூல் பிரிந்து பிரிந்து வாளிக்குள் ஒரு கூடு மிதக்கும். கரையை (துணியின் நெய்த நீள ஓரத்தை) ஒட்டி, நீளவாக்கிலான பாவு நூல் ஓடும் திசையில், 50 சென்டிமீட்டர் இடைவெளியில் வண்ண நூலால் இரு குறிகள் போட்டு வையுங்கள். துவைத்து, காய்ந்து, இஸ்திரியும் போட்டபின் அந்த இடைவெளியை மீண்டும் அளந்தால், குறைந்த ஒவ்வோர் அரை சென்டிமீட்டரும் நூற்றுக்கு ஒன்று. நூற்றுக்கு நான்குக்கு மேல் சுருங்கிய துணியை நான் இரண்டாம் முறையும் நனைக்கிறேன்.

சாயம் பற்றி ஒரு சொல். புதுத் துணியைக் கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சாயத்தொட்டியில் சாயம் இழைக்குள் ஏறுவதற்கு உப்பு உதவுகிறது என்பது உண்மை. ஏறி முடிந்த சாயத்தை வீட்டில் போடும் உப்பு பிடித்து வைக்காது. அடர்நிறத் துணியைத் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசுவதே வழி.

அலசியதை முறுக்கிப் பிழியாதீர்கள். பழைய துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே அழுத்தினால் நீரைத் துண்டு வாங்கிக்கொள்ளும். பிறகு நிழலில், ஒரே கொடியில் நடுவாகத் தொங்கவிடாமல், இரு கொடிகளின் மேல் பரப்பிப் போடுங்கள். ஈரத்தின் கனத்திலேயே துணி நீண்டுவிடக்கூடும்.

கஞ்சி

வழுக்கும் துணியைப் பணியவைக்கக் கடைகளில் தெளிப்பான்கள் விற்கிறார்கள். நம் வீட்டில் அதைவிட நல்லது இருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடி போல் ஆகும்வரை காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, மேலும் மூன்று லிட்டர் தண்ணீரில் கலந்துகொள்ளுங்கள். வடிகட்டாவிட்டால் அடர்நிறத் துணியில் வெள்ளைத் திட்டுகள் விழும். அலசிய துணியை இதில் முக்கி, அழுத்தி நீரெடுத்து, முன்சொன்னபடி பரப்பிக் காயவையுங்கள். காய்ந்த துணி மெல்லிய காகிதம் போல் நிற்கும்; மடித்தால் மடிந்த இடத்தில் இருக்கும், குறியிடும் சாக்குக்கட்டி பிடிக்கும், கத்தரிக்கு முன்னால் ஓடாது. தைத்து முடித்தபின் ஒருமுறை துவைத்தால் கஞ்சி முழுவதும் போய், ரேயான் தன் பழைய வழிவுக்குத் திரும்பிவிடும். சோறு வடித்த கஞ்சியும் ஆகும்; அதன் வாடை எனக்குப் பிடிப்பதில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

எச்சரிக்கை ஒன்று உண்டு. கஞ்சி போட்ட துணி கோணலாகக் காய்ந்தால் அந்தக் கோணலும் அப்படியே நின்றுவிடும். எனவே முக்கால்வாசி காய்ந்த நிலையில் துணியைக் கையில் எடுத்து, இரு கரைகளும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்த்து, பொருந்தாவிட்டால் குறுகிய மூலைகள் இரண்டையும் எதிரெதிராக மெல்ல இழுத்துச் சரிசெய்யுங்கள். மேலும் ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களில் கஞ்சித் துணியை வாரக்கணக்கில் மடித்து வைக்காதீர்கள். பூஞ்சை முதலில் அங்கேதான் வந்து உட்காரும்.

விரித்தலும் வெட்டுதலும்

மின்விசிறியை நிறுத்துங்கள். அக்னி நட்சத்திர நாள்களில் இது தண்டனை போல் தோன்றும். அதனால் நான் வெட்டும் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்கிறேன். மொசைக் தரையிலோ டைல்ஸிலோ ரேயான் நேரடியாகப் படக்கூடாது. கீழே ஒரு பழைய பருத்திப் படுக்கை விரிப்பைச் சுருக்கமின்றி விரித்து, அதன்மேல் துணியைப் போட்டால், பஞ்சின் சொரசொரப்பு ரேயானைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் ஊடையின் நேர்கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைக்காரர் கத்தரித்த கோட்டை நம்ப வேண்டாம். கரையில் சிறிது வெட்டி, ஒரே ஓர் ஊடை நூலை ஊசி முனையால் தூக்கி, இடக்கையால் அதை இழுத்தபடி வலக்கையால் துணியைச் சுருக்கித் தள்ளிக்கொண்டே போனால், நூல் உருவிய தடம் மெல்லிய ஏணி போல் துணியின் குறுக்கே தெரியும். நடுவில் அறுந்தால், அதுவரை தெரிந்த தடத்தில் வெட்டிவிட்டு, அங்கிருந்து அடுத்த நூலை எடுங்கள். பத்து நிமிடம் பிடிக்கும் இந்த வேலையை நான் எந்தத் துணிக்கும் விட்டதில்லை. இந்தத் தடத்தில் வெட்டிய ஓரம் கரைக்குச் செங்குத்தாக நிற்கும்வரை வேறெதையும் தொடாதீர்கள்.

நாம் வழக்கமாகத் துணியை நான்காக மடித்து, முன்னையும் பின்னையும் ஒரே வெட்டில் எடுத்துவிடுகிறோம். காட்டனில் அது கெட்டிக்காரத்தனம்; ரேயானில் அதுவே கேடு, ஏனெனில் அடியிலுள்ள மடிப்பு எந்தப் பக்கம் நழுவியது என்று கண்ணுக்குத் தெரியாது. பிரவுன் ஷீட்டில் பாதி மாதிரியை வரைந்து, காகிதத்தை மடித்து வெட்டி முழு மாதிரியாக விரித்து, துணியை ஒற்றையாகப் போட்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே வெட்டுங்கள். மாதிரியின் நடுக்கோட்டுக்கும் கரைக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்க வேண்டும்; இதை அளந்தே பாருங்கள், கண்மதிப்பு உதவாது.

மாதிரி வரையும்போது இறுக்கம் வேண்டாம். இந்தத் துணி தளர்வாக இருந்தால்தான் அழகு. மேலும் இறுகிப் பிடித்தால் அக்குளுக்குப் பின்னால், முதுகுப் பக்கத் தையலை ஒட்டி, நூல்கள் விலகி வலை போலாகிவிடும். வியர்வையில் நனைந்து வலுவிழந்த இழை, கை முன்னால் நீளும் ஒவ்வொரு முறையும் அங்கேதான் இழுபடுகிறது. ஆகவே உடல் அளவு 36 என்றால் குர்த்தியின் மார்பளவு 40 இருக்கட்டும்; அதாவது கால்பங்குக்கு 10 அங்குலமும், அதன்மேல் தையலுக்கு 1 அங்குலமும். கழுத்துக்கு ⅜, தோளுக்கும் கைக்குழிக்கும் ½, கீழே மடிக்க 1 அங்குலம் விடுங்கள். பின்னால் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் ஒன்றரை, இரண்டு அங்குலம் உள்ளே விடும் நம்மூர் வழக்கம் ரேயானில் பொருந்தாது. அந்தக் கூடுதல் துணி மடிந்து வெளியே வரப்பாகத் தெரியும்.

குண்டூசியை எங்கும் குத்தாமல், தையலுக்கு விட்ட ஓரப்பகுதிக்குள் மட்டும் மெல்லிய ஊசிகளாகக் குத்துங்கள். மற்ற இடங்களில் கனம் வைத்தால் போதும். நான் கூழாங்கற்களை வைத்திருக்கிறேன், கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர்களும் ஆகும். கத்தரியின் கீழ்வாய் தரையை விட்டு எழாமல், துணியைத் தூக்காமல், நீண்ட வெட்டுகளாக வெட்டுங்கள். துணியை உங்கள் பக்கம் திருப்பாதீர்கள். நீங்கள் அதைச் சுற்றி நகருங்கள். வெட்டி முடித்ததும் மாதிரிக் காகிதத்தை எடுத்துவிடாமல் அதனோடு சேர்த்தே சுருட்டி வையுங்கள். கழற்றி ஹேங்கரில் மாட்டி வைத்த முன்துண்டு, மறுநாள் தன் கழுத்தைத் தானே பெரிதாக்கிக்கொண்டிருக்கும்.

ஊசி, நூல், இயந்திரம்

11-ஆம் எண் புது ஊசி போதும். துணி மிக மெல்லியதென்றால் 9. வழக்கமாகப் போட்டிருக்கும் 14 அல்லது 16-ஆம் எண் ஊசி இழையை விலக்கி நுழையாமல் குத்தி இழுக்கும். மெல்லிய பாலியெஸ்டர் நூலே ஏற்றது. தையலின் நீளம் 2 முதல் 2½ மில்லிமீட்டர் இருக்கட்டும். வெட்டில் மீந்த துண்டில் பாவு நூல் திசையில் ஒன்றும், ஊடை நூல் திசையில் ஒன்றும், கிராஸாக, அதாவது மூலைவாட்டில், ஒன்றும் ஆக மூன்று கோடுகள் தைத்துப் பாருங்கள். மூன்றும் சுருங்காமல் படுத்திருந்தால்தான் இயந்திரம் தயார். பாதத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உங்கள் இயந்திரத்தில் இருந்தால் ஒரு சுற்றுத் தளர்த்துங்கள்.

இங்கே பழைய கால்மிதி இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நற்செய்தி. அதில் ஊசி இறங்கும் தட்டின் துளை சிறிய வட்டமாக இருப்பதால், மெல்லிய துணி உள்ளே இழுபடுவது குறைவு. ஜிக்ஜாக் தையலும் போடும் புது இயந்திரங்களில் அந்தத் துளை அகலமானது. தையலின் தொடக்கத்தில் ஊசி துணியின் மூலையைக் கவ்விக் குழிக்குள் கொண்டுபோய்விடும். நேர்த்தையல் தட்டு தனியே கிடைத்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், முதலில் ஒரு சிறு காட்டன் துண்டில் தைக்கத் தொடங்கி, நூலை வெட்டாமலே ரேயானுக்குள் ஓடுங்கள். முதல் நான்கு தையல்களுக்கு இரு நூல் முனைகளையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னுமாக ஓட்டிக் கெட்டிப்படுத்துவதைவிட, டார்ட்டின் (உடல் வளைவுக்காகப் பிடித்துத் தைக்கும் கூர்மடிப்பின்) நுனி போன்ற இடங்களில் நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சிடுவது மேல்.

தைக்கும் வரிசை

காகிதத்திலிருந்து துண்டைப் பிரித்த உடனே, வேறெதற்கும் முன், கழுத்து வளைவைச் சுற்றி ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே ஒற்றைத் தையல் ஓட்டுங்கள். ஒரு தோளில் தொடங்கி மறுதோள்வரை ஒரே மூச்சில் ஓட்டாமல், வலத்தோளிலிருந்து கழுத்தின் நடுவரையும், பிறகு இடத்தோளிலிருந்து நடுவரையும் ஓட்டினால் வளைவு ஒருபக்கம் சாயாது. கைக்குழிகளுக்கும் இப்படியே. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்திருந்தால், விசிறி ஓடிய அன்றும் அந்தப் பெண்ணின் கழுத்து அவ்வளவு நீண்டிருக்காது. தைத்தபின் துண்டைக் காகித மாதிரியின்மேல் வைத்துப் பாருங்கள்; நீண்டிருந்தால் தையல் நூலை ஆங்காங்கே ஊசியால் சிறிது இழுத்து அளவுக்குக் கொண்டுவரலாம்.

டார்ட்டுகளைச் சாக்கால் குறிக்காமல் வண்ண நூலால் குறித்து, தைத்து, கீழ்நோக்கி மடித்து இஸ்திரி போடுங்கள். தோள் தையலில், வெட்டில் மீந்த கரையிலிருந்து கால் அங்குல அகலத்தில் ஒரு கீற்று எடுத்து, அதையும் சேர்த்து வைத்துத் தையுங்கள். கரை நீளாது, ஆடையின் முழுப் பாரமும் தோளில்தான் தொங்குகிறது என்பதால், இந்தக் கீற்று இல்லாத தோள் நாளடைவில் கையை நோக்கி இறங்கும்.

கழுத்துக்குப் பலர் காலருக்குப் போடும் கெட்டிக் கேன்வாஸை ஒட்டிவிடுகிறார்கள். துணி வழிய, கழுத்து மட்டும் அட்டை போல் நிற்கும். என் விருப்பம், முன்பே நனைத்துக் காயவைத்த மெல்லிய டூ பை டூ காட்டனில் (ரவிக்கைத் துணியில்), துணியின் நிறத்துக்குப் பொருந்த, 1¼ அங்குல அகலத்தில் கிராஸ் பட்டை வெட்டி உட்புறம் மடித்து அடிப்பது. ரேயானிலேயே கிராஸ் பட்டை வெட்டினால், இழுக்கும்போது அது மெலிந்து கயிறாகிவிடுகிறது. பட்டையைக் கழுத்தின் நேர்ப்பகுதியில் சும்மா வைத்தும், வளைவில் மட்டும் இம்மியளவு இழுத்தும் தைத்தால், கழுத்து உடலோடு படிந்து நிற்கும். தைத்த ஓரத்தை வளைவுகளில் அரை அங்குலத்துக்கு ஒருமுறை, தையலைத் தொடாமல், நறுக்கிவிட மறக்காதீர்கள். முன்னால் பட்டன் திறப்பு வைப்பதாயிருந்தால் அந்தப் பட்டிக்குள் மட்டும், இஸ்திரி வைத்தால் ஒட்டிக்கொள்ளும் மிக மெல்லிய கேன்வாஸைப் போடலாம்.

கையைப் பக்கத்தையல்களுக்கு முன்பே, துணி தட்டையாக விரிந்திருக்கும் நிலையில் வைத்துவிடுங்கள். கைத்துண்டை அடியிலும் உடல்துண்டை மேலேயும் வைத்தால், கையில் உள்ள சிறிதளவு கூடுதலை இயந்திரத்தின் பற்களே உள்ளிழுத்துக்கொள்ளும்.

பக்கத்தையலைக் கீழிருந்து மேலாக, அகன்ற இடத்திலிருந்து குறுகிய இடத்துக்கு ஓட்டுங்கள். ஏ-லைன் வெட்டில் பக்கக்கோடு சாய்வாக இருப்பதால், மேலிருந்து கீழே ஓட்டினால் அது நீண்டு அலையலையாகும். சைடு ஓபன் இருப்பதால் ஓரங்களை முதலில் தனித்தனியே ஓவர்லாக் செய்துவிட்டு, பிறகு ஓபன் தொடங்கும் இடம்வரை இணைத்து, ஓபனின் ஓரங்களை அரை அங்குலமாக இருமுறை மடித்து அடியுங்கள். ஓவர்லாக் இயந்திரம் வீட்டில் இல்லாமல் கடையில் கொடுப்பவர்கள், அதன் கத்தி ஓரத்தைச் சீவிக்கொண்டே போகும் என்பதை நினைவில் வைத்து, ‘ஓரத்தை மட்டும் தொட்டுப் போடுங்க’ என்று சொல்லி, பக்கத்தில் நின்று வாங்குங்கள். அவசரத்தில் இழுத்து ஓட்டிய ஓவர்லாக்கை ரேயானிலிருந்து பிரிப்பது பெரும்பாடு.

ஓபன் இல்லாத ஆடையானால் பிரெஞ்சுத் தையலே சிறந்தது. நல்ல பக்கம் வெளியே இருக்க இரு துண்டுகளையும் வைத்து ஓரத்திலிருந்து ¼ அங்குலத்தில் ஒரு தையல். ஓரத்தைப் பாதியாகக் கத்தரித்து, இஸ்திரி போட்டு, உள்புறமாகத் திருப்பி, ⅜ அங்குலத்தில் இரண்டாம் தையல். பிசிறு முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும். இதற்குப் பக்கத்தில் ⅝ அங்குலம் விட்டால் போதும். ஆனால் பின்னாளில் பிரித்துப் பெரிதாக்க இடமிராது. வளரும் பிள்ளைகளுக்குத் தைக்கும்போது நான் பிரெஞ்சுத் தையலை விட்டு ஓவர்லாக்குக்கே போகிறேன்.

ஒவ்வொரு தையலுக்குப் பின்னும் இஸ்திரி போட வேண்டும். மிதமான சூட்டில், உட்புறத்தில், மேலே ஒரு மெல்லிய காட்டன் துணி வைத்து, பெட்டியைத் தேய்க்காமல் வைத்து எடுங்கள். தேய்த்தால் துணி நீளும். சூடு அதிகமானால் அடர்நிறத்தில் மினுமினுப்பு விழும், அது போகாது.

அம்பர்லா வெட்டுக்கு

இடுப்பு 30 அங்குலமானால் முழுவட்டத்தின் உள் ஆரம் 30-ஐ 6.28-ஆல் வகுத்து வரும் 4¾ அங்குலம். ரேயானில் அதை 4½ ஆகவே வெட்டுங்கள். பாவாடையின் கனத்தில் இடுப்பு வளைவு தானே அகன்று அளவுக்கு வந்துவிடும். 36 அங்குல நீளத்துக்கு இரு அரைவட்டங்களாக வெட்டினால் ஒவ்வொன்றும் 81 அங்குல நீளத் துணியைக் கேட்கும், ஆக 162 அங்குலம். சுருக்கத்தையும் சேர்த்து 4½ மீட்டர் வாங்க வேண்டும். இடுப்புத் தையலில் நனைத்துக் காய்ந்த பருத்தி நாடாவைச் சேர்த்துத் தைக்காவிட்டால், இரண்டு மாதத்தில் இடுப்பு வயிற்றுக்கு இறங்கிவிடும்.

கீழ்விளிம்பு

கீழ்விளிம்பைத் தைத்த அன்றே அடிக்காதீர்கள். ஏ-லைன் குர்த்தியை ஓர் இரவும், அம்பர்லாவை இரண்டு முழு நாள்களும் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். முழுவட்டத்தில் துணி கிராஸாக விழும் இடங்கள் நான்கு. அந்த நான்கும் மற்ற இடங்களைவிட இறங்கும், சில துணிகளில் இரண்டு அங்குலம் வரைகூட. என் தங்கை மகளுக்கு நான் தைத்த முதல் அம்பர்லா, விழாவன்று காலையில் சமமாக இருந்து, மாலையில் நாலு மூலையும் தொங்கிய கைக்குட்டை போலானது. தைத்தவரின் பெயரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தொங்கிய பின் அணிபவரையே சமதளத் தரையில் நிற்கவைத்து, மரஸ்கேலைத் தரையில் செங்குத்தாக ஊன்றி, தரையிலிருந்து ஒரே உயரத்தில் மூன்று அங்குலத்துக்கு ஒரு குறியாகச் சுற்றிவரக் குறியுங்கள். அவர் குனிந்து பார்க்கக்கூடாது. குனிந்தால் பின்பக்கம் ஏறிவிடும். குறிகளை இணைத்து, மடிப்புக்கு வேண்டியதை விட்டு, மீதியை வெட்டுங்கள்.

ஏ-லைனுக்கு ஓர் அங்குலம் மடித்துக் கையால் எம்மிங் செய்தால் வழிவு கெடாது. அம்பர்லாவுக்கு மடிப்பு மிகக் குறுகியதாக இருக்க வேண்டும், ஏனெனில் வெளிவட்டம் உள்வட்டத்தைவிடப் பெரியது. அகலமாக மடித்தால் கூடுதல் துணி சுருக்கமாக நிற்கும். ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் ஒரு தையல் ஓட்டுங்கள். அந்தக் கோட்டிலேயே உட்புறம் மடித்து, மடிப்பின் விளிம்பை ஒட்டி இரண்டாம் தையல் போடுங்கள். மீந்த ஓரத்தைத் தையலை ஒட்டிக் கத்தரித்து, இன்னொருமுறை மடித்து மூன்றாம் தையல் போடுங்கள். ஆறு மீட்டர் சுற்றளவுக்கும் மேலுள்ள விளிம்பில் மும்முறை ஓடுவது பொறுமையைச் சோதிக்கும். ஒரே அமர்வில் முடிக்க வேண்டுமென்பதில்லை.

முதல் துவைப்பு

தைத்து முடித்ததும் கஞ்சி போகக் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புத்தூளில் அலசி, உட்புறம் வெளியே இருக்க, நிழலில் காயவையுங்கள். தோளில் கிளிப் போட்டுத் தொங்கவிடாமல், இரு கைகளின் வழியாக ஒரு மூங்கில் கழியைச் செலுத்தி இரு கொடிகளுக்கிடையே கிடத்தினால் பாரம் பரவலாக இறங்கும். சற்று ஈரம் இருக்கும்போதே உட்புறமாக இஸ்திரி போட்டு, கீழ்விளிம்பை மட்டும் தரையிலிருந்து மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். எங்கேனும் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால், அந்தப் பகுதியின் எம்மிங்கை மட்டும் பிரித்துச் சரிசெய்தால் போதும்.